மூன்றரை மணி நேரம்

கடிகாரம் தப்பாக ஓடினால் எனக்குப் பொறுக்காது. வங்கிக்குப் போனால் யாரும் கிழிக்காமல் விட்ட நாள்காட்டித் தாளைக் கிழித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்பேன். உறவுக்காரர் வீட்டில் படம் கோணலாகத் தொங்கினால் காபி குடிப்பதற்குள் எழுந்து நேராக்கிவிடுவேன். “போன எடத்துல கைய வச்சிக்கினு சும்மா இரேன்” என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலுக்கு நான் வந்ததே இந்தப் புத்தியால்தான். இந்தப் புத்தியாலேயே ஒரு வீட்டில் நான் செய்து வைத்த காரியத்தை இப்போது எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை.

உழவர்கரையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. பாதி வேலை அங்கே, மீதி வேலை ஸ்கூட்டரில் போய் வீடு வீடாக. தனியாக இருக்கும் பெண்கள் பலர் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆம்பிளை ஆள் வந்து உள்ளறை வரை போய் ஒயரைப் பிடித்து இழுப்பது அவர்களுக்குச் சங்கடம். அப்படித்தான் டவுனில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த அந்த அம்மாவும் எனக்குப் பழக்கம். அறுபது வயது இருக்கும். கணவர் துணிக்கடை வைத்திருந்தவர், இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. கூடப்பிறந்தது ஒரே ஓர் அக்கா. அக்காவின் கணவர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவரின் மகன். அதனால் அந்தக் குடும்பம் கல்யாணம் ஆன கையோடு பிரான்சுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. அந்த அக்காவைப் பார்ப்பதற்கென்றே இந்த வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், கேமராவோடு.

நான் சொல்லப்போகிற அந்த ஜூன் மாதத்தில் அக்கா அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பேச முடியாது. போனைக் காதில் வைத்தால் இந்தப் பக்கத்துக் குரல் கேட்கும், அந்தப் பக்கம் ஒன்றும் வராது. ஆகவே முகம் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். அக்காவின் மகன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று டேப்லெட்டைப் பிடித்துக்கொள்வான். தினம் கால் மணி நேரம் அனுமதி. எந்த நேரம் என்பதை ஆஸ்பத்திரியில் அன்றன்றைக்குத்தான் சொல்வார்கள். அவன் காலையிலேயே சின்னம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு “இன்னிக்கு பதினோரு மணி” என்றோ “இன்னிக்கு ரெண்டு மணி” என்றோ சொல்லிவிடுவான். அக்காளும் தங்கையும் கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இது நாலைந்து நாள் நடந்தது. பிறகு அந்த அம்மா அக்காவுக்கு வந்த நோயின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். தேடியபோது “உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இங்கே அழுத்துங்கள்” என்று ஒரு சிவப்புப் பெட்டி வந்திருக்கிறது. ஏற்கனவே பயந்து போயிருந்தவர், அழுத்திவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் லாட்டரிப் பரிசு விழுந்ததாக ஒரு படம். மறுநாள் பதினொன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது.

“கொஞ்சம் சீக்கிரம் வாம்மா. இன்னிக்கு நாலு மணிக்கு அக்காவ காட்டுறன்னு சொல்லியிருக்கான். அதுக்குள்ள சரியாயிடணும்.”

அந்த “நாலு மணி” என் காதில் நன்றாக விழுந்தது. வேறொரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு அங்கே இருந்தேன்.

வைரஸை எடுப்பது பெரிய விஷயமாக இல்லை. பென் டிரைவில் கொண்டுபோன மருந்தைப் போட்டு அரை மணியில் துடைத்துவிட்டேன். ஆனால் துடைத்த பிறகு பிரவுசர் அடியோடு படுத்துவிட்டது. முன்பு லாட்டரிப் படமாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை, இணைப்பு இல்லை என்கிறது. வைஃபை இருக்கிறது, என் போனில் எல்லாம் திறக்கிறது, இந்தப் பிரவுசர் மட்டும் மாட்டேன் என்கிறது. இந்தத் தொழிலில் இது வழக்கம்தான். வைரஸ் உள்ளே வந்ததும் பிரவுசரிடம் “இனிமேல் எதுவானாலும் என் வழியாகத்தான் போகணும்” என்று புராக்ஸி செட்டிங்கில் தன் விலாசத்தை எழுதி வைத்துவிடும். தரகரை விரட்டியாகிவிட்டது, ஆனால் கடிதமெல்லாம் இன்னும் தரகர் விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது போல. அந்த விலாசத்தை அழித்தேன். பக்கங்கள் மளமளவென்று திறந்தன. கேமராவைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. என் முகம் திரையில் தெரிந்தது, நெற்றியெல்லாம் வியர்வை.

அத்தோடு நான் எழுந்திருக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது.

அந்த அம்மா மத்தியான லுஹர் தொழ உள்ளே போயிருந்தார். சும்மா உட்கார்ந்திருந்த என் கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. அங்கே மணி ஒன்பதே முக்கால் என்று காட்டியது. என் கைக்கடிகாரத்தில் ஒன்றேகால். மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. வைரஸின் வேலைதான், வேறென்ன என்று நினைத்தேன். நாலு மணிக்கு அக்காவைப் பார்க்க வேண்டியவர், இந்தக் கடிகாரத்தை நம்பி உட்கார்ந்தால் கதி என்ன? சுவரில் வேறு கடிகாரமும் இல்லை. நல்லவேளை, நான் பார்த்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நேரத்தைத் தானாகவே சரி செய்துகொள்ளும் பொத்தானைத் தட்டினேன். ஒன்பதே முக்கால் ஒரு நொடியில் ஒன்றேகால் ஆனது. அதோடு விட்டேனா? இனி வைரஸ் வரவே கூடாது என்று, ஒவ்வொரு முறை கம்ப்யூட்டர் போடும்போதும் முழு ஸ்கேன் ஓடும்படியும் செய்து வைத்தேன்.

அவர் தொழுகை முடித்து வந்தபோது, “எல்லாம் சரியாயிடுச்சும்மா, நாலு மணிக்கு தாராளமா பாக்கலாம்” என்று சொன்னேன். கடிகாரத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மறைக்க நினைத்துச் செய்ததல்ல அது. கோணலான படத்தை நேராக்கினால் அந்த வீட்டாரிடம் சொல்லிக்கொண்டா இருப்போம். அவர் என் கையைப் பிடித்து, “நீ நல்லா இருக்கணும்” என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.  “அக்கா மவுத்தாயிட்டாம்மா. நேத்து விடிகாலைல. நீ ஒரு தடவ வந்துட்டு போ. கம்ப்யூட்டர்ல மணி தப்பா இருக்கும், ஆள வச்சி பாருங்கன்னு பையன் சொல்றான்.”

போனேன். கூடத்தில் பாய் விரித்து உறவுப் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் இருந்த உள்ளறைக்கு என்னை அழைத்துப் போய், கட்டிலில் உட்கார்ந்து, அந்த நாலு மணியில் நடந்ததை அவர் சொன்னார்.

“நாலு மணிக்கு முன்னாடியே போட்டு வச்சிட்டேன். அந்த ஸ்கேனு என்னமோ ஓடிச்சி, காத்துக்கினு இருந்தேன். நாலாச்சு. வரல. நாலரை ஆச்சு, அஞ்சாச்சு. வரல. ரொம்ப முடியாம தூங்குறா போலன்னு நெனச்சி அணைச்சிட்டு எழுந்துட்டேன். இஷாவுக்கு பாங்கு சொல்ல கொஞ்சம் இருக்கு, அப்ப போன் பண்ணி, ‘ஏன் சின்னம்மா வரல, மணி நாலு ஆயிடுச்சு, அம்மா முழிச்சிக்கினு இருக்காங்க’ங்கிறான். ஓடிப் போய் போட்டேன். திரும்ப அந்த ஸ்கேனு. சுத்துது, சுத்துது. அது நின்னு, படம் தொறக்கறதுக்குள்ள நர்சு டேப்லெட்ட வாங்கிக்கினு போயிட்டாங்களாம்.”

எனக்கு அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை. ராத்திரி இஷா நேரத்தில் எப்படி நாலு மணி ஆகும்? கேட்டேன். அவர் எளிமையாகச் சொன்னார்.

“இந்த கம்ப்யூட்டர்ல எப்பவும் பிரான்சு மணிதான்மா ஓடும். எங்க வூட்டுக்காரர் வச்சது. கணக்கு போடத் தெரியாது எனக்கு, கூட்டிக் கழிச்சி கொழம்பிடுவேன்னு. இங்க இருக்கிற நமக்கு பாங்கு இருக்கு. அங்க இருக்கிறவளுக்கு இது. அவன் சொல்ற மணிய இதுல பாத்து உக்காருவேன், அவ்ளோதான்.”

மூன்றரை மணி நேரம். கோடையில் நமக்கும் பிரான்சுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஊரில் பாதிப் பேருக்கு அங்கே உறவு இருக்கிறது, இது எனக்கும் தெரிந்த கணக்குதான். அந்த மனிதர் எந்த நாட்டு நேரம் என்று தேர்ந்தெடுக்கும் செட்டிங் தெரியாமல், சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவது போல மணியைக் கையால் திருப்பி வைத்திருக்கிறார். நான் அதைப் பழுது என்று நினைத்து, அந்த அம்மா அக்காவைத் தவறவிடக் கூடாதே என்று திருத்தியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். களிமண்ணைக் களிமண்ணாகவே விட்டிருக்கலாம்.

வெயிலை வைத்து அவருக்குத் தெரியாதா, ரெண்டு மணி அழைப்பே அந்தியில் வரும்போது நாலு மணி அழைப்பு அதற்கு முன்னால் அஸர் தொழுகை நேரத்துக்கே எப்படி வரும் என்று யோசித்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் பிறகு பல தடவை கேட்டுப் பார்த்தேன், என் மனசுக்கு ஒரு சாக்கு வேண்டி. அக்கா சாகக் கிடக்கும்போது யார் வெயிலைப் பார்ப்பார்கள். மணியைத்தான் பார்ப்பார்கள்.

அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். “நீ அன்னிக்கு மணிய ஏதாச்சும் தொட்டியாம்மா?”

குற்றம் சாட்டுகிற தொனியே அதில் இல்லை. டாக்டரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கூடத்தில் ஓதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.  ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

“இல்லம்மா. நான் தொடல.”

அதற்குள் யாரோ துக்கம் கேட்க வந்தார்கள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனார். நான் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தானாகச் சரி செய்யும் பொத்தானை அணைத்தேன். மணியை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினேன். ஸ்கேனையும் எடுத்தேன். திருடியதைத் திருடிய இடத்திலேயே வைக்கிறவள் போல இருந்தது. அவர் திரும்பி வந்ததும், “பாருங்கம்மா, பிரான்சு மணிதான் ஓடுது, சரியாத்தான் இருக்கு” என்றேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிம்மா” என்று மட்டும் சொன்னார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். போனவர் போய்விட்டார், இனி உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று கடற்கரைச் சாலை வரை எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அந்தச் “சரிம்மா”வில் என்ன முடிவாயிற்று என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பிரான்சில் குளிருக்கு மணியை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிற நாள் அது. என்னைக் கூப்பிட்டிருந்தார். அக்கா இல்லாவிட்டாலும் அந்தக் கடிகாரம் அந்த வீட்டில் பிரான்சு மணிதான் காட்ட வேண்டும். “பழகிடுச்சும்மா, இருக்கட்டும்” என்றார். நான் மாற்றினேன். டீ கொடுத்தார். பேச்சுவாக்கில், போன வருஷம் இதை யார் மாற்றினார்கள் என்று கேட்டேன்.

“அவன்தான். அக்கா மவன். இவரு போனதுக்கப்புறம் மார்ச்சுலயும் அக்டோபர்லயும் போன்ல ‘சின்னம்மா, இத அமுக்குங்க, அத அமுக்குங்க’ன்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுப்பான். இப்ப அவன் எங்க? நான் பேசறதில்ல.”

“ஏம்மா?”

“பொய் சொல்லிட்டானே. நாலு மணின்னு என்ன உக்கார வச்சிட்டு, வேலைல மாட்டிக்கினு மெதுவா போயிருக்கான். போனப்புறம், இப்பதான் நாலு, உங்க மணிதான் தப்புன்னு எம்மேலயே போட்டான். நீ வந்து பாத்த இல்ல, மணி சரியாத்தான இருந்துச்சு? அத அவன்கிட்ட சொன்னேன். தொடலன்னு அந்தப் பொண்ணு சொல்றா, அப்ப யாரு பொய் சொல்றதுன்னு கேட்டேன். கத்தினான். நானும் கத்தினேன். தாயில்லாத புள்ளைய என்னென்னமோ பேசிட்டேன்.”

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. அக்காவின் கடைசிப் பார்வையைக் கெடுத்தது தெரியாமல் செய்தது. இது அப்படி இல்லை. அவருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிள்ளையை, என் வாயால் ஒரு “இல்லம்மா” சொல்லி வெட்டிவிட்டிருந்தேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். டம்ளரைக் கழுவி வைத்ததெல்லாம் என்ன வெட்கங்கெட்ட மரியாதையோ தெரியவில்லை.

ஐந்து மாதம் தூங்காமல் தவித்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் யாராவது மணி கேட்டால் சுருக்கென்றது. வங்கியில் கிழிக்காத நாள்காட்டியைப் பார்த்தால் கை போகவில்லை. வீட்டுக்காரர்கூட ஒருநாள், “இன்னா, படம் கோணலா இருக்குது, சும்மா இருக்கிற?” என்று கேலி செய்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலியை நிறுத்திவிட்டு, “என்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்” என்றார்.

மார்ச் கடைசி ஞாயிறு, மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி அந்த வீட்டில் இருந்தேன். கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைக்க வேண்டும். வைத்தேன். திரையில் பத்தரை. அவர் டீ போட எழுந்தார்.

“டீ வேணாம்மா, உக்காருங்க. அன்னிக்கு மணிய மாத்துனது நான்தான்.”

முழுவதும் சொன்னேன். வைரஸ் என்று நினைத்தது, நாலு மணி தவறக் கூடாது என்று திருத்தியது, அவர் கேட்டபோது பயந்தது, கூடத்துக்குப் போன நேரத்தில் திருப்பி வைத்தது. அழுகை வரவில்லை எனக்கு. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும் என்று தோன்றியது.

அவர் முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டது ஒரே கேள்விதான்.

“அக்டோபர்ல நான் அவனப் பத்தி சொன்னப்ப, நீ இங்கதான உக்காந்து டீ குடிச்ச?”

“ஆமாம்மா.”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“என்கிட்ட சொன்னது போதும். அவன்கிட்ட சொல்லு” என்றார். திரையின் மூலையைப் பார்த்தார். “பத்தரைதான் ஆவுது. ஞாயித்துக்கிழமை. பன்னெண்டு வரைக்கும் தூங்குவான், அவன் அம்மாவே திட்டுவா. இரு.”

இருந்தேன். ஒன்றரை மணி நேரம். அவர் கட்டிலில், நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியில். அன்று நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை அவர் உட்கார்ந்திருந்தது இதே நாற்காலிதான். மின்விசிறி சுற்றியது. தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். டீ வரவில்லை. மூலையில் நிமிடங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று இந்தத் தொழிலில் இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை.

பன்னிரண்டு ஆனதும் அவரே எழுந்து வந்து அழைப்புப் பொத்தானை அழுத்தினார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டான். நாற்பது வயதுக்காரன், முகம் கழுவாமல், பனியனோடு. திரையில் சின்னம்மாவுக்குப் பதிலாக நான் தெரிந்ததும், “யாரு? சின்னம்மாவுக்கு இன்னா ஆச்சு?” என்று பதறினான். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவள் நான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒருதரம் அவன் கண்ணை மூடிக்கொண்டான். 

“சின்னம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்றான்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். செருப்பைப் போடும்போது உள்ளே இருவர் குரலும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை, எந்த முகத்தோடு போவது. போன அக்டோபர் கடைசி ஞாயிறு காலையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் வரை வரவில்லை. அந்த வீட்டுக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருப்பார்கள். இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க என்று அவன் போனில் சொல்லிக்கொடுத்திருப்பான். என்னைப் போல இல்லாமல், ஒவ்வொன்றையும் அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் சொல்லியிருப்பான்.